ரிட்ரீட் இல்லை, ரிசார்ட்

ரிசார்ட்டை ரிட்ரீட் ஆக்கியது என் வீட்டுக்காரர்தான். வேறு யாரும் இல்லை. காது மந்தமான ஒரு ஐயர் மேல் பழியைப் போட்டுவிட்டு இத்தனை வருஷமாக மனுஷன் நல்லவராக உலாத்திக்கொண்டிருக்கிறார். எங்கள் புராட்டஸ்டண்ட் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஐயர் இப்போது உயிரோடு இல்லை. எழுந்து வந்து மறுக்க முடியாது. அது இவருக்கு வசதி.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் ஐயர் சின்ன வயசு, ஆர்வக்காரர். தம்பதியர் கூடுகை என்று ஒன்று தொடங்கியிருக்கிறார். முதல் கூட்டத்தில் பேச என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். எதற்கு? அந்தக் காலத்திலேயே கணவனும் மனைவியுமாக ரிட்ரீட் போய் வந்த முதல் தம்பதி நாங்களாம். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காபி கேட்கிறார்.

சபைக்கு வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரிட்ரீட் என்றால் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு அமைதியான ஓர் இடத்துக்குப் போய், ஜெபத்திலும் தியானத்திலும் இருந்துவிட்டு வருவது. நாங்கள் அதற்குப் போகவில்லை. தின்றோம், தூங்கினோம், தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பெயர் ரிசார்ட்.

எண்பதுகளின் கடைசி. சிகந்திராபாத்தில் மௌலா அலிப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அவருக்கு மத்திய அரசுத் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை. எனக்குக் குடியிருப்பின் கூட்டுறவு ஸ்டோரில் பில் போடுகிற வேலை. பாமாயில் ஏன் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் திருப்பிக் கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். நான் பாளையங்கோட்டை. கல்யாணமாகி இங்கே வந்தவள். அவர் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து சிகந்திராபாத். தமிழ் பேசுவார், அதில் பாதி இந்த ஊர் உருது. ஆமாம் என்பதற்கு ஹவ். வேண்டாம் என்பதற்கு நக்கோ. ஏன் என்பதற்கு கைக்கு. புதிதில் அவர் "கைக்கு?" என்று கேட்டால் நான் என் கையைப் பார்ப்பேன்.

அந்த வருஷம் நாம்பள்ளிப் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். அவருக்குப் புதுச் செருப்பு கடித்தது. உட்கார இடம் தேடினார். ஒரே ஒரு கடையில்தான் குஷன் நாற்காலி போட்டிருந்தார்கள். கல்யாணமானவர்கள் உட்காரலாம், ஒரு சீட்டில் பெயரும் வேலையும் ஃபோன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்றார்கள். வீட்டில் ஃபோன் கிடையாது. இவர் தன் செக்‌ஷன் நம்பரை எழுதிப் போட்டார். உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்தார். நான் பக்கத்துக் கடையில் வளையல் பார்த்தேன். அதோடு மறந்துவிட்டோம்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஏய், பொருட்காட்சியில சீட்டு போட்டோமே, அதுல நம்மள செலக்ட் பண்ணிருக்காங்க."

"எதுக்கு?"

"ரெண்டு ராத்திரி, மூணு பகல். தங்குறது, சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. மேட்சல் தாண்டி, ஏரிப் பக்கம். ரிசார்ட்டுடீ! புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வரணும். பிள்ளைங்க நக்கோவாம்."

அன்றைக்கு அந்தச் சொல்லை அவர் சரியாகத்தான் சொன்னார். அதைக் கவனியுங்கள்.

"சும்மா எவன் சோறு போடுவான்?"

"ஒரு நாள் காலையில அவங்க பேசறத உட்கார்ந்து கேக்கணும். அவ்வளவுதான். டைம் ஷேராம்."

ஒரு வீட்டை வருஷத்தில் ஒரு வாரத்துக்கு மட்டும் நமக்கு விற்பார்கள், மற்ற வாரங்களை மற்றவர்களுக்கு விற்பார்கள் என்று அவர் விளக்கினார். அப்போது அது எல்லாருக்கும் புதுசு.

"எங்க ஊர்ல விளைச்சல்ல பங்குக்கு வயலத்தான் வாரத்துக்கு விடுவாங்க. இவங்க வீட்டயே வாரத்துக்கு விடுதாங்களா?"

"நக்கோன்னா சொல்லு, நாளைக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்."

"யாரு நக்கோன்னா?" என்றேன்.

எனக்குப் போக வேண்டும். ஏன் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. லீவ் கிடைத்தால் ரயில். மெட்ராஸில் இறங்கி மாறித் திருநெல்வேலி. அங்கே என் ஆட்கள். ஊருக்குப் போகாவிட்டால் இங்கே அவர் ஆட்கள். யார் கண்ணிலும் படாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேளை சோறு தின்றது கிடையாது. தேன்நிலவு என்று எதுவும் நடக்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாளே ரயிலில் என் பக்கத்தில் என் மாமியார், இவர் பக்கத்தில் என் மாமனார். என் வீட்டுக்காரரோடு எங்காவது தனியாகப் போய் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. புருஷன் மேல் ஆசை என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அவருக்குத்தான் வெட்கம். அதுதான் இந்தக் கதையே.

பிள்ளைகள் இரண்டையும் என் நாத்தனார் வீட்டில் விட்டோம். நாத்தனார் இவருடைய தங்கை. லாலாகூடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ். நல்லவள், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"என்ன மதினி, ரெண்டாவது ஹனிமூனா?"

"முதல்ல எங்க போனோம், ரெண்டாவதுக்கு?"

"அண்ணனப் பாருங்க மதினி! முகம் தக்காளியாட்டம் ஆயிடுச்சு. அண்ணா, கைக்கு வெட்கப்படற? கட்டின பொண்டாட்டியத்தான கூட்டிட்டுப் போற?"

"சும்மா இருடீ," என்றார் இவர். அந்த வீட்டில் இருந்த நேரமெல்லாம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி முக்கியமான இடம். அவர் சபையில் பாடகர் குழுவில் இருந்தார். குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் இரண்டே பேருக்கு, இன்னொருவருக்கு எப்போதும் இருமல். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று ஐயரிடம் சொல்லாமல் போக முடியாது. புதன்கிழமை பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார்.

"ஐயர்ட்ட சொல்லியாச்சா?"

"ஹவ்."

"என்ன சொன்னீங்க?"

"போறோம்னு சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சந்தோஷம்னாரு. ஜெபம் பண்ணிக்கறேன்னாரு."

சும்மா தின்று தூங்கப் போகிறவனுக்கு ஒரு ஐயர் எதற்கு ஜெபம் பண்ணுகிறார் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. புதுச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சிகந்திராபாத் ஸ்டேஷன் எதிரில் வேன் வந்தது. எல்லாரும் ஜோடி ஜோடியாக ஏறினார்கள். எங்கள் பக்கத்து சீட்டில் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும். தெலுங்குக்காரர்கள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வழியெல்லாம் அந்தப் பெண் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் என் வீட்டுக்காரர் தோளைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கரண்ட் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இடம் பாதி கட்டி முடித்திருந்தது, மீதிப் பாதியில் செங்கல் அடுக்கியிருந்தது. ஏரியில் தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் பறவைகள் இருந்தன. எங்களுக்குக் கொடுத்த வீட்டில் பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. கட்டிலில் வெள்ளை விரிப்பு, அதன் மேல் இரண்டு செம்பருத்திப் பூ. நான் உட்காரப் போனேன்.

"நில்லு, எதையும் தொடாத," என்றார். சட்டைப் பையிலிருந்து கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எடுத்தார். அவர் எங்கே போனாலும் அது கூடவே வரும், கல்யாண வீட்டுக்குக்கூட. ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்தார். குளியலறையில் வெந்நீர் கெய்சரைத் திறந்து, ஏதோ ஒயரை இழுத்துக் கட்டி, மூடினார். அதுவரை நான் வாசலில் பையோடு நின்றேன்.

"இப்ப உட்காரு."

"பூவயும் டெஸ்ட் பண்ணிட்டீங்களா?"

அந்தக் கேள்விக்கு அவர் சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரிக்க மாட்டார். வீட்டில் சிரித்தால் பிள்ளைகள் என்ன, என்ன என்று ஓடி வந்துவிடும்.

மத்தியானம் சாப்பாடு நீளமான மேசையில். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். டபுள் கா மீட்டா வைத்திருந்தார்கள், ரொட்டியை நெய்யில் பொரித்துப் பாலில் ஊற வைக்கிற இனிப்பு. நான் இரண்டாம் முறையும் போய் எடுத்தேன். சாப்பிட்டு முடித்துப் பழக்கதோஷத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவுகிற இடத்தைத் தேடினேன். ஒருவர் ஓடி வந்து, "மேடம், மேடம்" என்று தட்டைப் பிடுங்கினார். நான் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். என் வீட்டுக்காரர் வந்து, "விட்டுடு, அது அவரு வேல," என்றார். விட்டேன். அன்றைக்கு மத்தியானம் படுத்தேன் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம். குக்கர் சத்தம் இல்லை, பால்காரன் இல்லை, ஸ்டோர் சாவி தலையணைக்கு அடியில் இல்லை.

சாயங்காலம் நீச்சல் குளத்துக்குப் போனோம். தண்ணீர் டாங்கர் லாரியில் கொண்டுவந்து நிரப்பியது. காவலாளி காஸ்ட்யூம் இல்லாமல் இறங்கக் கூடாது என்றார். காலை மட்டும் விடலாமா என்று கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு அந்தப் பக்கம் போனார். இவர் பேண்டை முழங்கால் வரை சுருட்டினார், நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் காலில் செருப்பு கடித்த தழும்பு இன்னும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தானாகப் பாட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை குழு பாட வேண்டிய பாட்டு, பேஸ் பாகம் மட்டும். பேஸ் மட்டும் தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது. ம்ம், ம்ம் என்று ஒரே இடத்தில் நிற்கும், மாடு எதையோ யோசிக்கிற மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. மேல் பாகத்தை நான் பிடித்துக்கொண்டேன். நான் குழுவில் இல்லை, என் குரல் மட்டம். ஆனாலும் இரண்டும் சேர்ந்ததும் அது பாட்டாகிவிட்டது. முடியும்வரை பாடினோம். முடிந்ததும் அவர், "இன்னொரு தடவ?" என்றார். மறுபடியும் பாடினோம். என் வாழ்க்கையில் நான் எப்போது நிம்மதியாக இருந்தேன் என்று யாராவது கேட்டால் அந்தக் குளத்தங்கரையைத்தான் சொல்வேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை பெரிய ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். பாட்டு மெதுவாக ஓட, திரையில் மலை, ஆறு, பூந்தோட்டம், சிரித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரக் குடும்பம். டை கட்டிய ஒருவர் இங்கிலீஷும் இந்தியும் கலந்து உருக்கமாகப் பேசினார். இது உங்களுக்காகத் தயாராகியிருக்கிறது, வாழ்நாள் முழுவதும் உங்களுடையது, உங்கள் பிள்ளைகளுக்கும் சேரும், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள், இன்றே தீர்மானம் எடுங்கள் என்றார். எனக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. வருஷா வருஷம் எங்கள் சபையின் கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கியார் சொல்லிக் கேட்கிறதுதான். அங்கேயும் கடைசி ராத்திரி இப்படித்தான் விளக்கைக் குறைத்து, குரலைக் குறைத்து, தீர்மானம் எடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்பார்கள்.

டைக்காரர் குரலைக் குறைத்தார். "குடும்பத்தின் மேல் உண்மையான அன்பு உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள்."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்திவிட்டார்.

"கையக் கீழ போடுங்க," என்றேன்.

"ஹா?"

"கன்வென்ஷன் இல்ல இது. கையப் போடுங்க!"

போட்டார், ஆனால் டைக்காரர் பார்த்துவிட்டார். தயாரானவர்கள் முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஜீடிமெட்லா ஜோடி எழுந்து போனது. ஒரு பித்தளை மணியை அடித்தார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். டைக்காரர் நேராக எங்கள் மேசைக்கு வந்தார்.

"சார், நீங்க கை தூக்கினீங்க."

"நக்கோ பாய், நக்கோ," என்றார் இவர். அந்தச் சொல்லை அவர் சொன்னால் வேண்டாம் என்கிற மாதிரியே இருக்காது, இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்கிற மாதிரி இருக்கும். டைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் நடுவில் புகுந்தேன். எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்: "வருஷத்துல ஒரு வாரம் எங்க வீடு. மத்த வாரமெல்லாம் யாரு வீடு?"

"மற்ற குடும்பங்கள், மேடம்."

"அப்ப ஒரு ஆணி அடிக்கணும்னா யாரக் கேக்கணும்?"

அவர் கையிலிருந்த ஃபாரத்தைப் புரட்டினார். "இடம் நல்லா இருக்கு," என்றேன். "சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா வாங்க மாட்டோம். இதுக்காக எங்களுக்குச் சோறு கிடையாதுன்னா இப்பவே சொல்லிருங்க, கிளம்புதோம்." அவர் சிரித்துவிட்டார். எங்கள் மேல் கோபிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிவிடும்போது கையும் ஆட்டினார். அந்தக் கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னதைச் செய்தார்கள். நாங்களும் உள்ளதைச் சொன்னோம்.

திரும்பி வரும்போது வேனில் நான் அவர் தோளில் சாய்ந்தேன். அவர் நகரவில்லை. டெஸ்டர் கன்னத்தில் குத்தியது, பொறுத்துக்கொண்டேன்.

நேராக லாலாகூடாவுக்குப் போனோம். நாத்தனார் கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உபவாசம் இருந்தவங்க மாதிரியே தெரியலயே மதினி. கன்னம் உப்பி வந்திருக்கீங்க."

"என்ன உபவாசம்?"

"காலையில சர்ச்ல ஐயர் அறிவிச்சாரே. நம்ம சகோதரனும் சகோதரியும் ரிட்ரீட் போயிருக்காங்க, ரெண்டு நாள் உபவாசத்தோட ஜெபிக்கிறாங்க, அவங்களுக்காக வேண்டிக்குங்கன்னு. எல்லாரும் எந்திரிச்சு நின்னு வேண்டினோம். நானும் வேண்டினேன்! எனக்குச் சிரிப்பு தாங்கல, தலையக் குனிஞ்சுக்கிட்டேன்."

என் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து, "மம்மி, ஆப்லோக் கானா நை காயே?" என்றாள். நீங்கள் சாப்பிடவே இல்லையா என்று. தமிழில் கேட்டால் இந்தியில்தான் பதில் சொல்லும் பிள்ளை, அன்றைக்குக் கேள்வியே இந்தியில்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் காலண்டரைப் பார்த்தார்.

பஸ்ஸில் ஆரம்பித்தேன்.

"என்ன சொன்னீங்க ஐயர்ட்ட?"

"ரிசார்ட்னுதான் சொன்னேன். அவருக்கு இடது காது கேக்காதுடீ. ரிட்ரீட்னு விழுந்திருக்கும்."

"சரி. ரிசார்ட் ரிட்ரீட்டா விழுந்துச்சு. உபவாசம் எதுல இருந்து விழுந்துச்சு?"

"கைக்குடீ கத்துற? பஸ்ல எல்லாம் பாக்கறாங்க."

அந்த உபவாசக் கேள்வியை இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காது கேட்காதவருக்கு ஒரு சொல் தப்பாக விழலாம். சொல்லாத உபவாசம் காதில் விழாது. யாரோ ஒருவர் ஐயரிடம் நின்று, மெனக்கெட்டு, உபவாசம் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் மூன்று நாளும் என்னோடு உட்கார்ந்து டபுள் கா மீட்டா தின்றிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். ஆராதனையில் ஐயர் முகம் மலர, "ரிட்ரீட் போய் வந்த நம்ம சகோதரர் முன்னால வந்து சாட்சி சொல்லுவார்" என்றார். கடவுள் நமக்குச் செய்ததைச் சபை முன்னால் எழுந்து நின்று சொல்வதற்குச் சாட்சி என்று பெயர். இவர் பாடகர் குழுவின் பெஞ்சில் இருந்தபடி என்னைக் கை காட்டினார். "அவ நல்லா பேசுவா ஐயா."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சர்ச்சுக்குள் மைக் முன்னால் நின்று பொய் சொல்ல எனக்கு வராது. அதே சமயம் ஐயரைச் சபை நடுவில் பொய்யராக்கவும் மனசு வரவில்லை. போய் நின்றேன். நடந்ததை மட்டும் சொல்வது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

"ஸ்தோத்திரம். நாங்க போனது ஒரு ஏரிக்கரை. ரொம்ப அமைதியா இருந்துச்சு."

"ஆமென்," என்றார் ஐயர்.

"ஒரு பெரிய ஹால்ல எல்லாத் தம்பதிகளயும் உட்கார வச்சாங்க. உங்களுக்காக ஒரு இடம் தயாரா இருக்குன்னு சொன்னாங்க. வாழ்நாள் பூரா உங்களுக்குத்தான்னாங்க."

"அல்லேலூயா," என்றது ஒரு பெண் குரல்.

"இன்னைக்கே தீர்மானம் எடுங்கன்னாங்க. முன்னால வாங்கன்னு கூப்பிட்டாங்க. சில பேரு போனாங்க. எல்லாரும் கை தட்டினாங்க."

"நீங்களும் போனீங்களா?"

"இல்ல ஐயா. நாங்க போகல."

ஐயர் முகம் வாடியது. "ஏன்மா போகல?" என்றார்.

"கட்டுப்படியாகல ஐயா."

பின்வரிசையில் நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "ஐயா, அது ரிட்ரீட் இல்ல. ரிசார்ட். நாங்க உபவாசம் இருக்கல. நல்லா சாப்பிட்டோம். சந்தோஷமா இருந்தோம்" என்று சொல்லிவிட்டேன்.

ஐயர் நல்ல காதை என் பக்கம் திருப்பினார். "ரி... என்ன?"

"ரி-சார்ட்."

"அது எந்தச் சபைக்காரங்க நடத்துறதும்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தானே ஒரு முடிவுக்கு வந்தார். "பரவாயில்ல, எந்தச் சபையா இருந்தா என்ன, ஆண்டவர் ஒருத்தர்தான்" என்று சொல்லி எங்களுக்காக ஜெபம் பண்ணினார். நல்ல மனுஷர், நீளமான ஜெபம். நான் பேசினதெல்லாம் அதற்கு அடியில் போய்விட்டது. வெளியே வந்தால் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, அந்த ரிட்ரீட்டுக்கு யாரைக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள், புருஷன்மார் கட்டாயம் வர வேண்டுமா, பிள்ளைகளை நிஜமாகவே கூட்டிப் போகக் கூடாதா என்று கேட்டார்கள். கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்களுக்கும் என்னை மாதிரித்தான் என்று தெரிந்தது. ரிட்ரீட் என்றால் வீட்டில் விடுவார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ இடம் போயிருக்கிறோம். பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு கூட்டிப்போய்க் காட்டின. எங்கே போனாலும் சாயங்காலம் அவர் பேஸ் பாகத்தை எடுப்பார், நான் மேல் பாகத்தை எடுப்பேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல புருஷன். இன்றைக்கும் ஹோட்டல் அறையில் டெஸ்டரைக் காட்டாமல் என்னை உள்ளே விட மாட்டார். ஆனால் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டால் மட்டும், "குளத்தங்கரையில ஆண்டவர் பாட்டுத்தான பாடினோம், அப்ப அது ரிட்ரீட்தானடீ" என்கிறார். இல்லை. பாட்டு நன்றாக இருந்தது. அதனால் அது ரிட்ரீட் ஆகாது.

எனக்குக் கோபம் உபவாசத்தால் இல்லை. சும்மா பொண்டாட்டியோடு இருந்துவிட்டு வரப் போகிறேன் என்று ஒரு ஐயர் முன்னால் சொல்ல இந்த மனுஷருக்கு வாய் வரவில்லை. அதை மறைக்க ஆண்டவரை இழுத்தார். என் வாழ்க்கையின் நல்ல மூன்று நாளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார். எனக்கு அந்தப் பெயர் திரும்ப வேண்டும்.

அதனால் இதோ, அச்சில் போட்டுச் சொல்கிறேன், என் வீட்டுக்காரரே, நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். தம்பதியர் கூடுகையில் உங்களை மைக் முன்னால் நிறுத்துவார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். உங்கள் தங்கையும் என் பக்கத்தில் இருப்பாள், சொல்லிவிட்டேன். இந்தத் தடவை என்னைக் கை காட்டக் கூடாது. காலண்டரைப் பார்க்கக் கூடாது, அந்த ஹாலில் காலண்டரும் கிடையாது. எல்லாரும் கேட்கிற மாதிரி, உங்கள் பேஸ் குரலிலேயே பதில் சொல்லுங்கள்: நாம் போனது ரிட்ரீட்டா, ரிசார்ட்டா? உபவாசம் என்று ஐயரிடம் சொன்னது யார்? எதற்காகப் போனீர்கள், யாரோடு இருக்கப் போனீர்கள்?